ஒன்பது பேர், மூன்று அறை

நோவா என்பவர் பெரிய பேழை ஒன்றைக் கட்டி, பிராணிகளை ஜோடி ஜோடியாக அதில் ஏற்றிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கப்பலில் இடம் ஒதுக்கும் வேலையை உலகத்தில் முதன் முதலாகச் செய்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய சொந்தக் குடும்பத்தைச் சற்றுக் கவனியுங்கள். அவர், அவருடைய மனைவி, மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள். ஆக எட்டுப் பேர், நாலு ஜோடி. நாலு அறை போட்டால் தீர்ந்தது விஷயம்! கணவனை இழந்த தாயாரோ, கல்யாணமாகாத நாத்தனாரோ, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் கேட்கும் குழந்தையோ அந்தக் குடும்பத்தில் கிடையாது. கொடுத்து வைத்த மனிதர்.

நோவாவின் கணக்கைத்தான் உல்லாசக் கப்பல் கம்பெனிகள் இன்றும் பின்பற்றி வருகின்றன. அவர்களுடைய விளம்பரத்தில் "தலைக்கு இவ்வளவு" என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அடியில் பொடி எழுத்தில், "ஓர் அறையில் இருவர் தங்கினால்" என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தில்தான் நம் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும் மாட்டிக் கொண்டு விழிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். அம்மா, அண்ணா, அண்ணி, அவர்களுடைய பதினைந்து வயதுப் பையன், பதினோரு வயதுப் பெண், என் தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை, அப்புறம் நான். அம்மாவுக்கு 75 வயது நிறைந்ததை ஒட்டி எல்லோருமாக எங்கேயாவது போய்வர வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மலை ஏற அம்மாவின் முழங்கால் இடங்கொடுக்காது. தினம் ஒரு ஹோட்டல், தினம் ஒரு பெட்டி கட்டல் என்பதும் ஆகாது. "படுக்கை ஓர் இடத்தில் இருக்க வேண்டும், ஊர்கள் நம்மைத் தேடி வர வேண்டும்" என்றாள் அண்ணி. அப்படிப்பட்ட பிரயாணம் கப்பல் பிரயாணம் ஒன்றுதானே? சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூன் மாதம் ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டதிலிருந்து நம் ஊரில் இந்த ஆசை பல வீடுகளில் புகுந்துவிட்டது. எங்களுக்குச் சிங்கப்பூரில் உறவினர் இருந்தபடியால், அங்கே போய்க் கப்பல் ஏறுவதென்று முடிவாயிற்று.

2024-25ஆம் வருஷத்துக் குளிர் காலத்தில் 'ஆந்தம் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுக் கொண்டிருந்தது. பினாங்கு, புக்கெட் இரண்டையும் பார்த்துவிட்டு, நாலு ராத்திரி கழித்து மறுபடியும் சிங்கப்பூருக்கே வந்து சேரும். 2015ல் ஜெர்மனியில் கட்டிய கப்பல் அது. நீளம் ஏறக்குறைய 348 மீட்டர். உள்ளே 2,090 அறைகள். அறைக்கு இரண்டு பேர் வீதம் 4,180 பிரயாணிகள். சோபாவை விரித்து, கூரையிலிருந்து மடக்குக் கட்டிலை இறக்கி, இண்டு இடுக்கெல்லாம் நிரப்பினால் 4,905 பேர். இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால் ஓர் உண்மை வெளியாகும். இருவருக்கு மேல் அறையில் சேர்க்கக்கூடியவர்கள் கப்பல் முழுவதிலுமே 725 பேர்தான்! அரையாண்டுப் பரீட்சை லீவில் ஊரெல்லாம் குழந்தை குட்டிகளோடு கிளம்பும்போது, அந்த 725 இடங்கள் எத்தனை சீக்கிரம் காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பிரயாணத்துக்குப் பத்து மாதம் முன்னதாகப் பதிவு செய்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இனிமேல் வருவது கணக்கு. பொறுமை இல்லாதவர்கள் இரண்டு பாரா தள்ளிப் படிக்கலாம். ஆனால் வீட்டில் பணம் எண்ணிக் கொடுக்கிறவர்கள் தள்ள மாட்டார்கள்.

ஓர் அறையில் தங்கும் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். அதே அறையில் மூன்றாவது, நாலாவது ஆள் தங்கினால் அவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணம். குழந்தைதான் மூன்றாவது ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியாகவும் இருக்கலாம். தனி ஆளாக ஓர் அறையை எடுத்துக் கொண்டால், வராத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரட்டைக் கட்டணம். துறைமுக வரியும், சிப்பந்திகளுக்காக நாள்தோறும் வசூலிக்கும் இனாமும் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வரும். அதில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

எட்டுப் பேர் என்றால், நாலு நாலு பேராக இரண்டு அறை. நாலு முழுக் கட்டணம், நாலு குறைந்த கட்டணம். ஒன்பதாவது ஆள் வந்து சேர்ந்தவுடன் இந்த அழகான கணக்குக் கவிழ்ந்து போகிறது. நாலு, நாலு, ஒன்று என்று பிரித்தால் தனியாக இருக்கும் அந்த ஒருவருக்கு இரட்டைக் கட்டணம். ஆக, ஆறு முழுக் கட்டணமும் நாலு குறைந்த கட்டணமுமாக, பத்துப் பேருக்கான பணம் கொடுத்து ஒன்பது பேர் போக வேண்டும். மூன்று, மூன்று, மூன்று என்று பிரித்தால் ஆறு முழுக் கட்டணம், மூன்று குறைந்த கட்டணம். நாலு, மூன்று, இரண்டு என்று பிரித்தாலும் அதே தொகைதான். எப்படிப் பார்த்தாலும் ஒன்பதாவது ஆளால் மூன்றாவது அறை ஒன்று வந்தே தீரும்.

அண்ணா இதையெல்லாம் ஒரு காகிதத்தில் அழகாகக் கோடு போட்டு எழுதிச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருந்தார். மறு நாள் காலையில் அம்மா அவரைக்காய் நறுக்கிக் கொண்டே அண்ணியிடம் சாதாரணமாகச் சொன்னாள்: "நான் ஒருத்தி வரவில்லை என்றால் இரண்டு அறையோடு முடிந்துவிடுமாமே? எனக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டையும் யாராவது பார்த்துக் கொள்ள வேண்டும். நீங்கள் எட்டுப் பேரும் போய்விட்டு வாருங்கள்."

யாருக்காகப் பிரயாணமோ அவளே கணக்கில் உபரியாகிவிட்டாள்! அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காகிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். "ஏம்மா, உன்னை விட்டுவிட்டு நாங்கள் எதற்காகப் போவது?" என்று அவர் கேட்டதற்கு அம்மா, "கோபித்துக் கொள்ளாதேடா, கணக்கைத்தானே சொன்னேன்" என்றாள்.

இதற்கிடையில் எங்கள் ஏஜெண்ட் வேறு ஒரு யோசனை சொன்னார். 'கியாரண்டி' என்று ஒரு வகை டிக்கெட் உண்டாம். எந்த மாதிரி அறை என்பது மட்டும் நிச்சயம். எந்தத் தளம், எந்த எண் என்பதைக் கம்பெனியே பின்னால் தீர்மானிக்கும். விலை மலிவு. "கடைசியில் நல்ல அறையாகவே கிடைத்தாலும் கிடைக்கும்" என்று ஆசை காட்டினார். தனியாகப் போகிற வாலிபனுக்கு இது சரியான சீட்டுத்தான். குடும்பத்துக்கு எடுத்தால் என்ன ஆகும்? அண்ணா ஆறாம் தளத்தில் மூக்குப் பக்கம், தங்கை பத்தாம் தளத்தில் வால் பக்கம், நடுவில் எங்கேயோ அம்மா! கால் கிலோ மீட்டருக்கு மேற்பட்ட நடைவழியில் முழங்கால் வலியோடு பேரக் குழந்தையைத் தேடிக் கொண்டு நடப்பது உல்லாசப் பிரயாணம் ஆகாது. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

முடிச்சை அவிழ்த்தவள் என் தங்கை. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "யார் யாருக்கு எத்தனை ரூபாய் என்பது இருக்கட்டும். ராத்திரி யாருக்கு யார் வேண்டும்? அதை முதலில் எழுதுங்கள்."

எழுதிப் பார்த்தால் கதையே வேறாக இருந்தது. அம்மா ராத்திரியில் இரண்டு முறையாவது எழுந்திருப்பாள். இருட்டில் தடுமாறினால் உடனே விழித்துக் கொள்கிற ஆள் பக்கத்தில் வேண்டும். அப்பா போன பிறகு அவள் ஒரு நாளும் தனி அறையில் படுத்ததில்லை. அண்ணாவின் பெண்தான் துணை. அந்தப் பெண்ணுக்கும் பாட்டியின் புடைவைத் தலைப்பைப் பிடித்துக் கொள்ளாவிட்டால் தூக்கம் வராது. பையனுக்கு மீசை அரும்புகிற வயது. தங்கையோடு ஓர் அறையில் அடைத்தால் நாலு நாளும் மகாபாரதம். அண்ணாவின் குறட்டையை அண்ணி ஒருத்தியால்தான் தாங்க முடியும். இருபது வருஷப் பழக்கம். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலில் இருட்டு வேண்டும், ராத்திரியில் அம்மா வேண்டும். அதன் அழுகையிலிருந்து மற்ற ஏழு பேருக்கும் விடுதலை வேண்டும். ஏஜெண்டின் பழைய திட்டப்படி அண்ணா குடும்பம் நாலு பேர் ஓர் அறையிலும், தங்கை குடும்பம் ஓர் அறையிலும், அம்மாவும் நானும் எங்கேயோ தொலைவில் ஓர் அறையிலும் இருந்திருப்போம். தொகை என்னவோ அதே தொகைதான். பாட்டியும் பேத்தியும்தான் பிரிந்து போயிருப்பார்கள்.

ஆகவே இப்படி வகுத்தோம். அம்மா, அண்ணாவின் பெண், நான், மூவரும் பால்கனி உள்ள ஓர் அறையில். அதை ஒட்டி, நடுவில் கதவு வைத்த இரண்டாவது அறையில் அண்ணா, அண்ணி, பையன். அதே தளத்தில் நடைவழியின் உட்புறம், ஜன்னல் இல்லாத மலிவான அறையில் தங்கையும் மாப்பிள்ளையும் குழந்தையும். ஜன்னல் இல்லாத அறை என்றால் முகம் சுளிக்காதீர்கள். விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. பகலில் தூங்குகிற குழந்தைக்கு அதைவிட உயர்ந்த அறை கப்பலில் கிடையாது.

'நடுவில் கதவு' என்பதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறை என்பது வேறு, உள்ளே கதவால் இணைந்த அறை என்பது வேறு. முன்னதில் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் நடைவழிக்கு வந்து கதவைத் தட்ட வேண்டும். பின்னதில் உள்கதவைத் திறந்து வைத்துக் கொண்டால் இரண்டு அறையும் ஒரு வீடு. கப்பலின் தள வரைபடத்தில் இப்படிப்பட்ட ஜோடி அறைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு அம்புக் குறி போட்டிருப்பார்கள். பூதக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். நமக்கு வேண்டிய இரண்டு எண்களையும் நாமே குறிப்பிட்டுப் பதிவு செய்வதுதான் நல்லது. "பக்கத்தில் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நன்மையோடு ஒரு தீமையும் உண்டு. அந்தக் கதவு சுவரைப் போலச் சத்தத்தைத் தடுக்காது. முன்பின் தெரியாதவர்கள் அடுத்த அறையில் இருந்தால் தொல்லைதான். அண்ணாவின் குறட்டை என்றால் நமக்குப் பழகியது.

பெரிய குடும்பங்களுக்கென்றே இந்த ரகக் கப்பலில் ஒரு விசேஷ ஏற்பாடு உண்டு. வெளியே ஒரே வாசல். உள்ளே சிறிய முன்கூடம். அதிலிருந்து பெரிய அறை ஒன்று, பால்கனி அறை ஒன்று, ஒருவர் தங்கும் சிற்றறை ஒன்று. மூன்று ஸ்நான அறைகள். பத்துப் பேர் வரை தங்கலாம். கேட்கும்போதே கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டியது போல இல்லையா? அண்ணா ஆவலோடு விலையைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வரைபடத்தில் நாலு பேர் அறை காலியாகத் தெரியும். நாலு பெயரைக் கொடுத்தால் முடியாது என்று கணினி மறுத்துவிடும். இரண்டு பெயர் கொடுத்தால் உடனே சம்மதிக்கும். இதென்ன அநியாயம் என்று விசாரித்தேன். அநியாயம் அல்ல, உயிர் விஷயம். கப்பலில் ஒவ்வொரு பகுதியில் இருப்பவர்களும் ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கும் அதற்குரிய உயிர்காப்புப் படகுகளுக்கும் இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. அந்தத் தொகை நிரம்பிவிட்டால் கட்டில் காலியாக இருந்தாலும் ஆளை ஏற்ற மாட்டார்கள். 1912ல் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் படகுகளில் இடம் இருந்தது. அந்தத் துயரத்துக்குப் பிறகு, 1914ல் லண்டனில் பல தேசத்தார் கூடிக் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். எங்கள் குடும்பத்து நாலாவது ஆளைக் கணினி தடுத்து நிறுத்தியதற்கு மூலம் அங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அதன் மேல் கோபம் போய்விட்டது.

எந்தத் தளம் என்பதும் முக்கியம். கீழ்த் தளமும் கப்பலின் நடுப் பகுதியும் ஆட்டம் குறைந்தவை; தலை சுற்றுகிறவர்களுக்கு ஏற்றவை. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தத்தில் திருப்பள்ளியெழுச்சி ஆகிவிடும். ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் கூடத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம். மேலே அறை, கீழே அறை, நடுவில் நம் அறை; அதுதான் உத்தமம். லிப்டை ஒட்டினாற்போல் இருந்தால் ராத்திரியெல்லாம் பேச்சுக் குரல். வெகு தூரத்தில் இருந்தால் முழங்கால் பேசும். பத்துப் பன்னிரண்டு அறை தள்ளி எடுத்தோம்.

பெயர் விஷயத்தில் ஒரு கூத்து. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும் அல்லவா? ஒருவருக்கு இனிஷியல் விரிந்து அப்பா பெயராக முன்னால் நிற்கிறது. ஒருத்திக்குக் கணவன் பெயர் பின்னால் நிற்கிறது. அம்மாவுக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. ஒன்பது பேரும் ஒரே குடும்பம் என்று எந்தக் கணினியும் ஒப்புக்கொள்ளாது! மூன்று அறைக்கும் மூன்று பதிவு எண்கள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும்படி நாமே கேட்டுக் கொள்ள வேண்டும். இணைத்தால்தான் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே வேளைக்கு ஒரே மேஜை கிடைக்கும். சைவ உணவு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி வைத்துவிட வேண்டும். இன்னொன்று: கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழையவும் விசாவில் இடம் இருக்க வேண்டும். கைக்குழந்தை ஆறு மாதம் நிரம்பாததாக இருந்தாலும், கர்ப்பிணிக்கு இருபத்து நாலு வாரம் ஆகிவிட்டாலும் இம்மாதிரிக் கப்பல்களில் ஏற்றுவதில்லை. சீமந்தத்தையும் கப்பலையும் ஒரே மாதத்தில் வைத்துக் கொள்ள முடியாது.

புறப்படும் நாளும் வந்தது. சிங்கப்பூரில் 2012ல் திறந்த மரீனா பே கப்பல் நிலையத்தில் எங்கள் கப்பல் நின்று கொண்டிருந்தது. நிற்பது கப்பலா, வெள்ளையடித்த நகரமா என்று சந்தேகம் வந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். "இது மிதக்குமா?" என்று கேட்டாள். "மிதந்து கொண்டுதான் இருக்கிறது பாட்டி" என்றான் பையன்.

சோதனைச் சாவடியில் அம்மாவின் பூஜைப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். நெருப்பு என்றால் கப்பல்காரர்களுக்கு நடுக்கம். மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் வைக்கும் மின்சாரக் கெட்டில், எதுவும் உள்ளே போகக் கூடாது. எண்ணெய் விளக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேட்டரியால் எரியும் சின்னஞ்சிறு விளக்கு ஒன்றை அண்ணி முன்யோசனையாக வாங்கி வைத்திருந்தாள். பிரயாணம் முழுவதும் அம்மா சாயங்காலம் அதைத்தான் ஏற்றினாள். 'ஏற்றினாள்' என்று எழுதுகிறேன், பொத்தானை அமுக்கினாள். முதல் நாள் மட்டும், "சாமி கோபித்துக் கொள்ளுமோ?" என்று கேட்டாள்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் தோன்றுவது, இத்தனை சிறிய இடத்தில் இத்தனை சாமானா என்பதுதான். பால்கனி அறை 200 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டு நடுத்தரப் படுக்கை அறைதான். அதற்குள்ளேயே ஸ்நான அறை, அலமாரி, மேஜை, கட்டில், சோபா எல்லாம். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். ராத்திரி நாம் சாப்பிடப் போயிருக்கும் சமயத்தில் சிப்பந்தி வந்து சோபாவைக் கட்டிலாக மாற்றிவிட்டுப் போகிறார். மூன்று பேர் சௌகரியமாகத் தூங்கலாம். மூன்று பேர் ஒரே சமயத்தில் புடைவை கட்டிக் கொள்ள முடியாது. முறை வைத்துக் கொள்ள வேண்டும். ஸ்நான அறை வாசலில் சற்று உயரமான நிலைப்படி ஒன்று உண்டு. வயதானவர்களுக்கு அதை முதல் நாளே காட்டிப் பழக்கிவிடுங்கள். ராத்திரி ஸ்நான அறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தோம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று நிலைப்படி இல்லாத, கைப்பிடி வைத்த அறைகள் சில உண்டு. அவை அவசியமானவர்களுக்கு மட்டுமே என்பதால் நாங்கள் கேட்கவில்லை.

கப்பல் நகர்வதற்கு முன்பே ஆபத்துக் காலத்தில் எங்கே கூடுவது என்று ஒவ்வொருவரும் நேரில் போய்ப் பார்த்து அடையாளம் செய்துவிட்டு வர வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பது அறையைப் பொறுத்தது. அவரவர் அட்டையில் அச்சிட்டிருக்கிறது. சின்னக் குழந்தையின் மணிக்கட்டில் அந்தக் குறியைத் தாங்கிய பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். "திருவிழாக் கூட்டத்தில் தொலையாமல் இருக்கச் சட்டையில் விலாசம் எழுதிக் குத்துவோமே, அது மாதிரி" என்றாள் அம்மா. அவளுக்கு இப்போது கப்பல் கொஞ்சம் புரிய ஆரம்பித்துவிட்டது.

தங்கையின் ஜன்னல் இல்லாத அறையில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சுவரில் தரையிலிருந்து கூரை வரை 80 அங்குலத் திரை. வெளியே இருக்கும் கடலை அந்தந்த நிமிஷமே அதில் காட்டுகிறார்கள். அலை எழுந்தால் திரையிலும் எழும். மறு நாள் காலை அம்மா குழந்தையைப் பார்க்கப் போனவள், திரையில் சூரியன் கிளம்புவதைக் கண்டதும் அங்கேயே நின்று கை கூப்பிவிட்டாள். "அது படம், பாட்டி!" என்று பேத்தி சிரித்தாள். "படத்துக்குத்தானே வீட்டிலும் கும்பிடுகிறோம்?" என்றாள் அம்மா. மாப்பிள்ளைக்குக்கூடப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் இரண்டு அறைக்கும் நடுவே உள்ள கதவைத் திறந்து வைத்தோம். பால்கனிகளுக்கு நடுவில் இருந்த தடுப்பையும், சொன்னவுடன், சிப்பந்தி திறந்து கொடுத்தார். அவ்வளவுதான், கப்பலுக்குள் எங்கள் வீடு வந்துவிட்டது. ஒருத்தி துணி மடிக்கிறாள், ஒருவர் பேப்பர் படிக்கிறார், குழந்தை ஓர் அறையில் புகுந்து இன்னோர் அறையில் வெளியே வருகிறது. பையன் மட்டும் மேல்தளமே கதி என்று இருந்தான். கடல் மட்டத்துக்கு மேலே 300 அடி உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு ஒன்று அங்கே இருக்கிறது.

அந்தப் பால்கனியில் உட்கார்ந்து கொண்டுதான் அம்மா 'ரஜூலா'வைப் பற்றிச் சொன்னாள். எங்களில் யாருமே அதுவரை கேட்டிராத கதை. 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டிய நீராவிக் கப்பல் ரஜூலா. 1970களின் தொடக்கம் வரையில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்து கொண்டிருந்தது. அறைகள் கொஞ்சந்தான், மேல்தளப் பிரயாணிகள் ஆயிரக் கணக்கில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அம்மாவின் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் பினாங்குக்குப் போயிற்று. பத்து வயதுப் பெண்ணாக அம்மா கரையில் நின்று பார்த்தாளாம்.

"பெரியம்மாவுக்கு அப்போது அறையா, கதவா? ஒரு பாயை விரித்து நாலு மூலையிலும் டிரங்குப் பெட்டியை வைத்தால் அதுதான் வீடு. பாட்டி, பேரன், கைக்குழந்தை எல்லாம் அந்தப் பாயில்தான். ஒன்பது பேரோ பத்துப் பேரோ, யார் எண்ணினார்கள்?" என்றாள்.

அந்தப் பாய் வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மழையும் எண்ணெய்ப் புகையும் வாந்தியும் கூட்டமுமாக ஒரு வாரம் படுத்துக் கிடந்தவர்கள், பால்கனியையும் வெந்நீரையும் பார்த்தால் நம்மை ஏளனம் செய்ய மாட்டார்கள், பொறாமைதான் படுவார்கள். ஆனால் யாரை யாரோடு படுக்க வைப்பது என்று பத்து மாதம் முன்பே யோசிக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. சௌகரியம் வந்தபோது சுவர்களும் கூடவே வந்துவிட்டன. கதவு எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு பினாங்கு. கப்பல் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் 'லிட்டில் இந்தியா' தெருக்களுக்கு மெதுவாக நடந்தே போய்விடலாம். குவீன் தெருவில் 1833ல் கட்டிய மாரியம்மன் கோயில். கடை வாசலில் தமிழ்ப் பாட்டு, கதம்பம், காபி வாசனை. பெரியப்பா குடும்பம் இருந்த தெரு எது என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் கோயில் வாசலில் பூ விற்ற அம்மாளிடம் வெகு நேரம் பேசிக் கொண்டிருந்தாள். உண்மையான எண்ணெய் விளக்கு ஒன்றைக் கண்ணாரப் பார்த்ததில் அவளுக்குப் பரம திருப்தி.

புக்கெட்டில் பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. சிறு படகுக்கு மாறிக் கரை சேர வேண்டும். அலையில் ஆடுகிற படகில் காலை வைக்க அம்மாவுக்குத் துணிவில்லை. அவளும் தங்கையின் குழந்தையும் நானும் கப்பலிலேயே தங்கிவிட்டோம். 4,000 பேர் இறங்கிப் போன பிறகு அந்தக் கப்பல் எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்பது இறங்கிப் போனவர்களுக்குத் தெரியாத ரகசியம்.

அன்று ராத்திரி கடல் சற்றுப் புரண்டது. பயப்படும்படி ஒன்றும் இல்லை. அலமாரியில் துணி மாட்டும் கம்பிகள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக் கொண்டன. இரண்டு மணி இருக்கும். அம்மா எழுந்து கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். நான் எழுந்திருப்பதற்குள் பேத்தி எழுந்துவிட்டாள். ஒரு கையால் பாட்டியின் இடுப்பையும், மற்றொரு கையால் சுவரையும் பிடித்துக் கொண்டு, "படி இருக்கிறது பாட்டி, காலைத் தூக்கு" என்று சொல்லி அழைத்துப் போனாள். சத்தம் கேட்டு நடுக்கதவு திறந்தது. அண்ணா தலையை நீட்டி, "என்ன?" என்றார். "ஒன்றும் இல்லை, நீ போய்ப் படு" என்றாள் அம்மா. அண்ணா உடனே போய்ப் படுத்தார். உடனே குறட்டையும் கேட்டது.

கடைசி நாள் ராத்திரி பெட்டிகளைக் கட்டி நடைவழியில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. காலையில் உடுத்தும் புடைவையைக் கையோடு எடுத்து வைத்துக் கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். எதிர் அறைச் சீமாட்டி ஒருத்தி அதை மறந்துவிட்டு, மறு நாள் காலைப் பலகாரத்துக்கு ராத்திரி அங்கியோடு வந்தாள்.

சிங்கப்பூரில் இறங்கி உறவினர் வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா மெள்ள ஆரம்பித்தாள். அண்ணியின் தாயார் பாவம், ஒரு நாளும் கடலைத் தாண்டியதில்லையாம். அடுத்த தடவை போனால் சம்பந்தியையும் அழைத்துக் கொண்டு போகலாமாம். அண்ணா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பத்துப் பேர் என்றால் நாலு, மூன்று, மூன்று. அறை அதே மூன்றுதான்" என்றார்.

"அதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். சம்பந்தியம்மாள் குறட்டை விடுவாளா, அதைக் கேட்டுச் சொல்" என்றாள் தங்கை.